பாட்டனாரின் கலியாணத்தை நான் கண்டுபிடித்த கதை

ஒரு குடும்பத்தைக் கெடுக்கக் குடிகாரன் தேவையில்லை, நல்ல கையெழுத்துள்ள தகப்பன் ஒருவன் போதும். இதை நான் ஒப்புக்கொண்டே தொடங்குகிறேன். சிலாபத்தில் ஒரு நொத்தாரிசிடம் இருபத்தைந்து வருடமாகக் காணி உறுதி எழுதும் கிளாக்கர் நான். காகிதத்தில் இல்லாத எதுவும் நடக்கவில்லை என்பது என் கொள்கையாக இருந்தது. (இப்போது எனக்குக் கொள்கை கிடையாது.)

மூத்த மகள் றோசலினுக்கு எத்தாளையிலிருந்து சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை அந்தோனி, கற்பிட்டிப் பக்கத்தில் உபாத்தியாயர். பெண் பார்க்க வந்த அன்று, அவள் வைத்துவிட்டுப் போன கோப்பியைக் குடிக்க மறந்து அவன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் கண்டோம். அவளும் கண்டாள். அதன் பிறகு எங்கள் வீட்டில் அரிசி புடைக்கும்போதும் பாட்டுக் கேட்டது.

எல்லாம் பேசி முடிந்து எழும்பும் நேரத்தில் அந்தோனியின் தாய் சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டாள்.

“உங்கட பாட்டன் வெளியூர் ஆளாமே. எந்தக் கோயில்ல தாலி கட்டினவர்? ஒருத்தருக்கும் தெரியாதெண்டு கதைக்கிறாங்க.”

“அம்மா, அதென்ன கதை?” என்று அந்தோனி குறுக்கிட்டான். “விடுங்க மாமா.”

“சும்மா கேட்டன்” என்றாள் அவள்.

அவள் அத்தோடு விட்டாள். அந்தோனி விட்டான். எங்கள் பங்குச் சுவாமியும் பிள்ளைகளின் ஞானஸ்நானச் சீட்டு மட்டும் போதும் என்றார். நான் விடவில்லை.

“கலியாணம் உங்கட பாட்டனுக்கோ, உங்கட மகளுக்கோ?” என்று மனைவி பிலோமினா கேட்டாள்.

“வேர் சுத்தமாக இருக்க வேணும்” என்றேன். (இப்படியெல்லாம் பேசிய வாய் இது.)

பாட்டனாரின் பெட்டியில் ஒரு பழைய செபப்புத்தகம் இருந்தது. முதல் ஏட்டில் ‘யாக்கோபு, அவுறான் மகன், மன்னார்’ என்று அவர் பெயர். அதன் கீழே பிள்ளைகளின் பெயர்கள், முதலாவதாக என் தகப்பனாருடையது. பிள்ளைகளைப் பெற்றவளின் பெயர் இல்லை. பாட்டியை ஊரே வெள்ளாச்சி என்றுதான் அழைத்தது. ஞானஸ்நானப் பெயர் என்ன என்று அவள் பேரப்பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றியதும் இல்லை.

எங்கள் கோயில் பதிவுகளில் அந்தக் கலியாணம் இல்லை. ஞாயிறு தோறும் பஸ் ஏறி, சிலாபத்திலிருந்து புத்தளம் வரை கோயில் கோயிலாக ஏடு புரட்டினேன். கறையான் தின்றது போக மிச்சத்தை வாசித்தேன். கடைசியாகக் கற்பிட்டிப் பக்கத்துக் கோயிலொன்றில் கிடைத்தது: யாக்கோபு, அவுறான் மகன், மன்னார். மனைவி மதலேனாள், எத்தாளை. சம்பந்தி ஊரிலேயே சாட்சி! வெள்ளாச்சியின் பெயர் மதலேனாளா, என்ன அழகு என்று கண் கலங்கினேன்.

அந்தக் கலியாணத்துக்கும் என் தகப்பனாரின் பிறப்புக்கும் இடையில் பன்னிரண்டு வருடம் இருந்தது. உறுதியில் ஒரு புள்ளி பிசகினாலும் கண்டுபிடிக்கும் நான், ஆண்டவர் தாமதித்துத்தான் பிள்ளை கொடுத்திருக்கிறார் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

பதிவைத் தடித்த கடதாசியில் பிரதி எடுத்து, சிவப்பு மையால் கரை கட்டி, நிச்சயம் பண்ணும் நாளன்று எத்தாளைக்குக் கொண்டுபோனேன். வீடு நிறையச் சனம். கோட்டில் நீதவான் முன் வாசிப்பதுபோல் எழுந்து நின்று, உரத்த குரலில் வாசித்தேன்.

மூலையில் சாய்கதிரையில், செபமாலையோடு ஒரு கிழவி இருந்தார். அந்தோனியின் தகப்பன்வழிப் பாட்டனுடைய தங்கை, மரியாச்சி.

“மதலேனாள் என்ட அம்மா” என்றார். “யாக்கோபு என்ட அப்பு. நான் கைப்பிள்ளையாயிருக்கேக்க கடலுக்குப் போனவர், திரும்பி வரேல்ல. நீ ஏன் தம்பி அவற்ற பேரை வாசிக்கிறாய்?”

“அது வேற யாக்கோபா இருக்கும்” என்றாள் பிலோமினா அவசரமாக. அப்போதாவது நான் உட்கார்ந்திருக்கலாம்.

“அவருக்கு இடது காது பாதி இல்லையெண்டு அம்மா சொல்றவ” என்றார் கிழவி.

“ஓம்! தூண்டில் கிழிச்ச காது!” என்றேன் நான். “மடியில இருந்து நான் அதைப் பிடிச்சு இழுக்கிறனான்!”

சொன்ன பிறகுதான் என் காதில் அது விழுந்தது.

“எத்தனை வருசம் இருந்தவர்?” என்று கிழவி கேட்டார்.

“எனக்கு ஏழு வயசில செத்தவர்.”

அவர் விரல்களை மடித்துக் கணக்குப் பார்த்தார். “எனக்கு அப்ப நாலு பிள்ளைகள். வருசா வருசம் கடல்ல செத்த ஆத்துமத்துக்கெண்டு பூசை குடுத்துக்கொண்டிருந்தன். அந்தாள் சிலாபத்தில உன்னை மடியில வைச்சுக்கொண்டு இருந்திருக்குது.” பிறகு மெதுவாக, “என்னையும் வைச்சிருப்பார், என்ன?” என்றார்.

நான் கடதாசியைச் சுருட்டினேன்.

அந்தோனியின் தாய்க்குக் கணக்கு அதற்குள் முடிந்துவிட்டது. அந்தோனியின் பாட்டனும் என் தகப்பனும் ஒரே அப்பனின் பிள்ளைகள். அப்படியானால் அந்தோனி றோசலினுக்கு அண்ணன். மேற்றிராணியாரிடம் எழுதினால் கலியாணத்துக்கு உத்தரவு கிடைக்கும் என்று சுவாமி சொல்லிப் பார்த்தார். “சுவாமி, கோயில் உத்தரவு தரும். ஊர் தருமோ? அண்ணனுக்குத் தங்கச்சியைக் கட்டிவைக்க என்னால ஏலாது” என்றாள் அவள். நான் தேடிப்பிடித்த கலியாணம் எங்கள் பாட்டியுடையதும் அல்ல. அவளுடையது இன்றுவரை எந்த ஏட்டிலும் இல்லை.

திரும்பி வரும் வழியில் றோசலின் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “அந்தக் கடதாசியை வாசிக்கச் சொல்லி ஆரப்பா கேட்டது?”

அந்தோனி நல்லவன். நத்தார்ப் பண்டிகைக்குக் கருவாட்டோடு வந்தான். வாசல் படலையில் நின்று, மாமா என்று தொடங்கி, விழுங்கி, “சித்தப்பா” என்றான். றோசலின் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அடுத்த வருடம் அவனுக்கு வேறு இடத்தில் கலியாணம் நடந்தது. சித்தப்பன் என்ற முறையில் நான் முன்வரிசையில் இருந்தேன்.

வருடங்கள் போய்விட்டன. இப்போதும் யாராவது றோசலினுக்கு ஒரு கலியாணப் பேச்சோடு படலையைத் திறந்தால், என் சின்ன மகள் உள்ளே பார்த்துக் கத்துவாள்: “அக்கா, உனக்கு இன்னொரு அண்ணன் வந்திருக்கிறார்!”

வீடே சிரிக்கும். றோசலினும் சிரிப்பாள், என் பக்கம் மட்டும் பார்க்காமல்.