ஜிலுவாவுக்கு மாற்றல் உத்தரவு

ஒரு ஊரில் நகரசபை அலுவலகம் ஒன்று இருந்தது. ஜனங்கள் அதற்குள் போவார்கள், வருவார்கள். அவர்கள் கொண்டுபோன காரியம் மட்டும் போகும், வராது. இது ஏன் என்று பெரிய மனிதர்கள் கூடி ஆராய்ந்தார்கள். கடைசியில் குற்றவாளி பேச்சுதான் என்று தெரிந்தது. ஜனங்கள் பேசுவது அதிகாரிகளுக்குப் புரிந்துவிடுகிறது. புரிந்துவிட்டால் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவனுக்குப் பதில் சொன்னால் அடுத்தவன், "அவன் மட்டும் உனக்கு மாமனா மச்சானா?" என்று சண்டைக்கு வருகிறான். ஆகவே யாரைப் பெற்ற தாய்க்கும் தெரியாத ஒரு மொழியை உண்டாக்கி, அலுவலை அதிலேயே நடத்தினால் பாரபட்சம் அடியோடு ஒழியும் என்று முடிவு செய்து, 'நடுமொழி ஆக்க இயக்ககம்' என்று பலகை மாட்டினார்கள்.

அதற்கு இயக்குநராக வந்தவர் அதுவரை ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் இருந்தவர். செக்குமாடு தெரிந்த வட்டத்தில்தானே சுற்றும்? அவர் சொற்களையும் வேலைக்குத்தான் எடுத்தார். முதலில் இத்தனை சொல்லுக்கு இடம் என்று அனுமதி வாங்கினார். பிறகு நேர்காணல், உடல் தகுதி, தகுதிகாண் பருவம் எல்லாம் முறைப்படி நடந்தன. 'பசி' என்பதற்கு வந்த சொல் ரொம்ப மெலிந்திருந்ததால் உடல் தகுதியில் விழுந்துவிட்டது. 'மன்னிப்பு' என்பதற்கு அலுவலகத்தில் வேலையே இல்லை என்று அந்த இடத்தை ரத்து செய்தார்கள். 'உடனே' சேர்ந்த அன்றே நீண்ட விடுப்பில் போய்விட்டது. 'நாளைக்கு' மட்டும் பாவம், தனியாளாக நின்று திணறியது. அதற்கு இரண்டு உதவிச் சொற்கள் கொடுத்தார்கள். இலக்கணமும் அப்படித்தான். பணியில் மூத்த சொல் முன்னால் உட்கார வேண்டும், இளைய சொல் பின்னால் நிற்க வேண்டும். 'ஐயா' எல்லாவற்றுக்கும் மூத்ததாகிவிட்டதால், எந்த வாக்கியமும் அதைக் கும்பிடாமல் கிளம்ப முடியாது.

இந்த நேரம் பார்த்துத் தெருக்கோடியில் சலவைக்கூடம் வைத்திருந்த அம்மாளுக்குச் சோதனை வந்தது. தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடும். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுத்துத்தான் அவள் குடும்பம் ஓடியது. தெருமுனையில் குழாய் உடைந்து, தண்ணீர் நின்றுபோனது. விரிப்புகள் மலையாகக் குவிந்தன. இந்த வாரத்துக்குள் துணி வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள்.

ஜன்னலில் இருந்த குமாஸ்தா நல்லவர். எதையும் நடுமொழியில் சொன்னால்தான் காதில் விழும் என்று பொறுமையாக விளக்கினார்.

"தண்ணிக்கு அதுல என்ன சார்?"

"ஜிலுவா. ஆனா நீங்க அதைச் சொல்லக் கூடாதும்மா. போன வாரம்தான் தீயணைப்புக்கு மாற்றல் ஆகிப் போயிருக்கு."

"அப்ப குடிதண்ணிப் பிரிவுல?"

"இடம் காலி. வேற சொல்லு வந்து சேர்ந்ததும் பேசலாம்."

"சொல்லு மெதுவா வரட்டும் சார். எனக்குத் தண்ணி வந்தாப் போதும்."

குமாஸ்தா அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "சொல்லே வரலைங்கும்போது பொருள் எப்படிம்மா முந்திக்கிட்டு வரும்? அது ஒழுங்கீனம் இல்லையா?"

அக்கா திரும்பி வந்து சொன்னபோது தெரு விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்பு ரொம்ப நாள் நிலைக்கவில்லை. தையல்காரர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள், பெண்ணுக்கு நடுமொழி தெரியுமா என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். மறுநாளே வீட்டுக்கு வீடு முதல் பாடம் ஓட ஆரம்பித்தது. இயக்ககம் வெளியிட்டதே அந்த ஒரு பாடம்தான். அதில் இருந்ததும் ஒரு கேள்வி, ஒரு பதில். "சோமி தாகோ?" என்றால் 'குறை ஏதும் உண்டா?' என்று அர்த்தம். "ஐயா, சுமிலா பராகோ" என்றால் 'தங்கள் தயவில் நிறைவாக இருக்கிறோம்' என்று அர்த்தம். காலிக் குடத்தை வைத்துக்கொண்டு சண்டை போட்ட பெண்கள்கூட, சண்டை முடிந்ததும் நாகரிகமாக "சுமிலா பராகோ" என்று சொல்லிக்கொண்டு பிரிந்தார்கள்.

வாரக் கடைசியில் இயக்குநரே தெருவைப் பார்க்க வந்தார். அக்கா வீடு வீடாகப் போய், எல்லோரும் ஒரே குரலாகக் கேட்டால் தண்ணீர் வந்துவிடும் என்று கெஞ்சி ஆட்களைத் திரட்டியிருந்தாள். எல்லோரும் துவைக்காத சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்து நின்றார்கள். இயக்குநர் தொண்டையைச் செருமி, "சோமி தாகோ?" என்றார். அவருக்கும் முதல் பாடம்தான் முடிந்திருந்தது.

அக்கா கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். "ஜிலுவா," என்றாள். "ஐயா, ஜிலுவா. ஜிலுவா."

இயக்குநர் முகம் வெளுத்தது. வேறு துறையில் பணியாற்றும் சொல்லை, உரிய அனுமதி இல்லாமல், அதுவும் நடுத்தெருவில் வேலை வாங்குவதா என்று கேட்டார். தையல்காரர் அக்காவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"பெரிய மனுஷன் முன்னாடி மானத்தை வாங்காதக்கா. பாடத்துல இருக்கிறதைப் பேசு. பொண்ணு வீட்டு மரியாதை இருக்குல்ல."

பிறகு தெருவே ஒரே குரலில் சொன்னது: "ஐயா, சுமிலா பராகோ."

இயக்குநர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இவ்வளவு நிறைவான தெருவைத் தாம் பார்த்ததில்லை என்று எழுதி, குழாய் விவகாரத்தை அதோடு மூடிவைத்தார். அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரி வண்டி வந்து, வெளுக்காத விரிப்புகளை வேறு ஆளிடம் கொடுக்க அள்ளிக்கொண்டு போனது. தையல்காரர் பக்கம் திரும்பிப் பார்க்காமல் அக்கா கதவைச் சாத்திக்கொண்டாள்.

விடிந்ததும் கதவைத் தட்டியவரும் தையல்காரர்தான். பின்னால் மகள். தலையைச் சொறிந்தார்.

"கோவிச்சுக்காதக்கா. நீ சொன்னியே ஒரு சொல்லு, அது பாடத்துலயே கிடையாது. இயக்குநரே ஆடிப்போயிட்டாரு. எங்க பாப்பாவுக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன்."

அக்கா அவரைப் பார்த்தாள். காய்ந்து கிடந்த சலவைத் தொட்டியைப் பார்த்தாள். தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் உட்கார்ந்து, "உள்ள வா," என்றாள்.

இன்றைக்கு அந்தக் கூடத்தில் உட்கார இடம் கிடையாது. இரண்டாம் பாடம் அங்கே மட்டும்தான் கிடைக்கும். டீச்சர் தொண்டை வறளக் கூடாது என்று தெருப் பெண்கள் அடுத்த தெருவிலிருந்து முறை வைத்துக் குடம் சுமந்து கொண்டுவந்து வைக்கிறார்கள். அப்படி ஒருத்தி இடுப்பு ஒடிந்து வந்து குடத்தை இறக்கிவிட்டு, இவ்வளவு தெரிந்த நீங்களே ஒருதரம் அலுவலகத்துக்குப் போய்க் குழாய்க்குச் சொல்லக் கூடாதா என்று கேட்டாள்.

அக்கா ஒரு சொம்பு மொண்டு குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"தண்ணி வந்துட்டா, அந்தச் சொல்லை யாரும்மா படிக்க வருவா?"