உன் பெயரில் நான் நலம்

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் மூட்டுவலியும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போகிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே உன் அண்ணி நலம். கவுன்சிலராகிவிட்ட என் மகள் நலம். நான் நலமா என்றால் பதில் சொல்லும் நிலையில் இல்லை, ஏனென்றால் இந்த வார்டைப் பொறுத்தவரை நான் செத்து வெகுகாலம் ஆகிறது. பதறாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை.

நடந்தது இதுதான். என் மகள் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள் என்பது உனக்குத் தெரியும். நடக்க முடியாதவர்களுக்கு மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பாள். கொடுத்த வீட்டிலெல்லாம் குழாயில் தண்ணீர் வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்ற புலம்பலை வாங்கிக்கொண்டு வருவாள். அதற்காக அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கி, கடைசியில் "பேசாம நீயே நின்னுடும்மா" என்று எல்லோரும் சொல்லித் தேர்தலில் நின்றாள். துண்டுப் பிரசுரம் அடிக்கக் கொடுத்தோம். அச்சகத்துக்காரர் புதிதாக எழுதச் சோம்பல்பட்டு, போன தேர்தலில் வேறு யாருக்கோ அடித்ததை எடுத்துப் பெயரையும் படத்தையும் மட்டும் மாற்றினார். "சிறு வயதிலேயே தந்தையை இழந்து, தாயின் உழைப்பில் வளர்ந்தவர்" என்ற வரி அப்படியே நின்றுவிட்டது. நாங்களும் படத்தில் முகம் தெளிவாக விழுந்திருக்கிறதா என்றுதான் பார்த்தோம். வீடு வீடாகக் கொடுத்த பிறகு ஒரு அம்மாள் இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "அப்பன் இல்லாத பொண்ணு, உனக்குப் போடாம யாருக்குப் போடப்போறோம்" என்று அழுதாளாம். இல்லை என்று சொல்ல இவளுக்கு வாய் வரவில்லை. அடுத்த தெருவிலும் வரவில்லை. ஜெயித்துவிட்டாள்.

நாங்கள் இந்தப் பக்கம் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, என்னை யாருக்கும் தெரியாது. வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள், ஹாலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னைக் காட்டி "இவர் யாரும்மா?" என்று கேட்டார்கள். உன் அண்ணி கண்ணை இமைக்காமல், "என் கொழுந்தனார்" என்றாள். அன்றிலிருந்து நான் நீ. நீ என்னைவிட இளையவன் என்பதால் தலைக்குச் சாயம் பூசுகிறேன். ஆள் இருக்கும்போது தாலி கட்டிய மனைவியை "அண்ணி, டீ இருக்கா?" என்று கேட்க வேண்டியிருக்கிறது. அவளும் "இதோ தர்றேன் தம்பி" என்று, இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைக்காத மரியாதையோடு கொண்டுவருகிறாள். சுவரில் கண்டக்டர் உடுப்போடு நான் இளவயதில் எடுத்துக்கொண்ட படம் மாட்டியிருக்கிறது. வருகிறவர்கள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்து, "ஜாடை அப்படியே இருக்கு. ஆனா அண்ணன்தான் லட்சணம்" என்கிறார்கள். நீ கல்யாணம் செய்துகொள்ளாதவன் என்று தெரிந்து எதிர்வீட்டு அம்மாள் உனக்கு ஒரு வரன்கூடக் கொண்டுவந்துவிட்டாள். உன் அண்ணி உள்ளே ஓடிப்போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் இறந்த தேதி என்ன என்று யாரோ திடீரென்று கேட்டபோது அவளுக்கு ஞாபகம் வந்த ஒரே தேதி எங்கள் கல்யாண நாள். இப்போது அதுதான் என் நினைவு நாள்.

மகளைக் குறை சொல்ல மாட்டேன். விடியும் முன்னே போய்க் குப்பை வண்டிக்காரர்களோடு நிற்கிறாள். பள்ளிக்கூடத்துப் பக்கம் பிள்ளைகள் விழுந்து எழுந்துகொண்டிருந்த திறந்த சாக்கடையை மூட வைக்கச் சண்டை போட்டு, இப்போது பாதி வேலை முடிந்திருக்கிறது. அவள் செய்ததில் பொய் எதுவும் இல்லை, நான் ஒருவன்தான் பொய்.

போன வருஷம் பேருந்து நிறுத்தத்தில் என் நினைவாக ஒரு நிழற்குடை கட்டினார்கள். திறப்பு விழாவுக்குக் கடைசி வரிசையில் போய் நின்றேன். மேடையில் அவள் சொன்னாள்: "எங்கப்பா கடைசி வண்டி முடிச்சு வந்தாலும், என் செருப்பு வார் அறுந்திருக்கான்னு எடுத்துப் பாப்பாரு. நான் தூங்கிட்டேன்னு நெனச்சுத் தச்சு வைப்பாரு. நான் தூங்கினதே இல்ல. பாத்துக்கிட்டே இருப்பேன்." தம்பி, உயிரோடு இருந்தவரைக்கும் அவள் என்னிடம் பேசியது ரேடியோவைக் குறை, மருந்தைச் சாப்பிடு, இரண்டுதான். நான் விக்கி விக்கி அழுதேன். பக்கத்தில் நின்றவர் முதுகைத் தடவி, "அண்ணன் மேல அவ்வளவு பாசமா?" என்றார். ஆமாம் என்று சொன்னேன், வேறென்ன சொல்ல.

இப்போதெல்லாம் பகலில் அந்த நிழற்குடையில்தான் போய் உட்காருகிறேன். மழை பெய்தால் என் பெயர் எழுதிய இடத்தில்தான் ஒழுகுகிறது. இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். நேற்று சாயங்காலம் வீட்டில் யாருமே இல்லை. அவளும் நானும்தான். கோப்புகளைப் பார்த்துக்கொண்டே, தலைநிமிராமல், "சித்தப்பா, மருந்து சாப்பிட்டீங்களா?" என்றாள். அப்படிக் கூப்பிட்டதை அவள் கவனிக்கவேயில்லை. நான் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். மனசு விட்டுப் போச்சு தம்பி. வார்டு நினைக்கிறதை நினைச்சுக்கட்டும், பெத்த பொண்ணே மறந்துட்டா நான் எங்க போவேன்?

ஆகவே நீ இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வா. நீ வாசலில் வந்து நின்றால் நான் நீயாக இருக்க முடியாது. நான் நானாகியே தீர வேண்டும். தேர்தலில் இவளிடம் தோற்றுப்போன செருப்புக்கடைக்காரர் இதற்காகத்தான் காத்திருக்கிறார், பொய் சொல்லி ஓட்டு வாங்கினாள் என்று பதவியைப் பறிக்கப் பார்ப்பார். பறிக்கட்டும். எனக்கு என் மகள் வேண்டும்.

உனக்கு நீண்ட ஆயுள் கிடைக்கட்டும், உன் மூட்டுகளுக்கும் சேர்த்து. உன் அண்ணி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
இதை எழுதும்வரை உயிரோடிருக்கும் உன் அண்ணன்

பின்குறிப்பு: வராதே. கடிதத்தை ஒட்டப் போகும்போது மகளே டீயோடு வந்து உட்கார்ந்தாள். "நேத்து என்ன கூப்பிட்டேன்னு அப்புறம்தாம்ப்பா ஒறைச்சுது. நினைவு நாள் கூட்டத்துல உண்மையைச் சொல்லிடறேன். போறது போகட்டும்" என்று அழுதாள். அப்பா என்று அவள் கூப்பிட்டதும் எனக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. சாக்கடை வேறு பாதியில் கிடக்கிறது. "வேலை முடியட்டும்மா, அதுவரைக்கும் நான் இப்படியே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கூட்டத்தில் சித்தப்பாவும் பேச வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறார்களாம். அதற்கும் ஒப்புக்கொண்டேன். ஆகவே நான் செத்திருந்தால் நீ என்னைப் பற்றி என்ன பேசுவாயோ, அதை எழுதி அனுப்பு. சொல்ல ஒன்றும் இல்லையென்று தோன்றினால் உடனே எழுதிவிடாதே, கொஞ்சம் யோசித்துப் பார். மேடையில் நின்று அதைப் படிக்கப் போகிறவன் நான்தான்.