கட்டுப்படியாகாத துல்லியம்

உலக வேளாண்மை வரலாற்றை எழுதப் போகிறவர்கள், கோலியனூருக்குப் பக்கத்திலுள்ள 'முன்னோடி உழவர் குழு'வுக்கு ஓர் அதிகாரமாவது ஒதுக்காமல் தப்பிக்க முடியாது. குழுவின் பொது டிராக்டருக்கு நேர்கோட்டில் வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி, அதுவும் 'கட்டுப்படியாகும்' கருவி வாங்குவதென்று அவர்கள் எடுத்த முடிவு அப்பேர்ப்பட்டது. அன்றிலிருந்து தலைவர் குமரேசனின் நடையே மாறிவிட்டது. செயற்கைக்கோளோடு சம்பந்தம் வைத்துக்கொண்ட மனிதர் மற்றவர்களைப் போல நடக்க முடியுமா என்ன.

திண்டிவனத்துக் கடையிலிருந்து ரஞ்சித் என்ற விற்பனையாளர் இரண்டு கருவிகளோடு வந்து, குமரேசனின் நிலத்தில் இறங்கினார். ஒரு கருவி முழக்கணக்கில் இப்படியும் அப்படியும் தடுமாறும். மற்றது, முக்காலியில் ஒரு கம்பம் நிறுத்தி ஓட்டினால் விரற்கடை பிசகாது.

"மானியம் போக இப்ப துல்லியமானதுதான் வெலை கம்மிங்க சார்," என்றார் ரஞ்சித். குமரேசனுக்கு உடம்பெல்லாம் பூரித்தது.

கம்பம் நின்றது. சர்வே வரைபடம் திரையில் ஏறியது. டிராக்டர் நூல் பிடித்தாற்போலப் போய், வரப்புக்கு வெகு தூரம் முன்னாலேயே, குமரேசனின் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவில், 'எல்லை முடிந்தது' என்று கூவி நின்றது.

வரப்புக்கு அந்தப் பக்கம் காந்திமதியின் துண்டு நிலம். களை எடுத்து, நாற்று நட்டு, கூலியில் மிச்சம் பிடித்து வாங்கியது. உழும்போதெல்லாம் வரப்பை ஒரு சால் அணைத்து ஓட்டுவது அந்த ஊரின் பண்பாடு. குழுவில் எவரும் அதற்கு விலக்கல்ல. அப்படியே குமரேசனின் வரப்பு வருஷா வருஷம் கிழக்கே நடந்துகொண்டிருந்தது. காந்திமதியின் துண்டு தேய்ந்துகொண்டிருந்தது.

"தலைவரே, இதையே வாங்கிடலாங்க. என் நெலம் எதுவரைக்கும்னு தெரிஞ்சிட்டா போதும் எனக்கு," என்றார் காந்திமதி, தானும் ஓர் உறுப்பினர் என்ற தைரியத்தில்.

அவசரக் கூட்டம் கூடியது. பொருளாளர் ஆனந்தராஜ் தொண்டையைச் செருமினார். "மெஷினு நல்லாத்தான் கீது. ஆனா நமக்குக் கட்டுப்படியாவாது."

"இதுதான சார் கம்மி வெலை?" என்றார் ரஞ்சித், பாவம்.

"தம்பி, சும்மா குடுத்தாலும் கட்டுப்படியாவாது," என்றார் குமரேசன். "ஒவ்வொரு வரப்புலயும் நின்னு கத்திக்கினு இருந்தா ஊருல ஒத்துமைன்னு ஒண்ணு இருக்குமா? ஒரே பேஜாரா பூடும்."

உறுப்பினர்கள் அவரவர் வரப்பை மனக்கண்ணில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கை தூக்கினார்கள். காந்திமதியின் கை மட்டும் மடியிலேயே கிடந்தது. ஊர் ஒற்றுமையை முன்னிட்டு, விலை கூடிய, தடுமாறும் கருவி 'மலிவானது' எனத் தேர்வாயிற்று.

முதல் உழவில் டிராக்டர் கிழக்கே சாய்ந்து காந்திமதியின் மண்ணைக் கிண்டியது. அவர் பதறிக்கொண்டு ஓடி வந்தார்.

"நான் என்னா பண்றது காந்திமதி? மேலேர்ந்து வர்ற சிக்னல் அப்படி," என்றார் குமரேசன் மெத்தப் பணிவோடு.

அடுத்த சுற்றில் அதே சிக்னல் மேற்கே சாய்ந்தது. குமரேசனின் நிலத்தில் ஒரு பட்டை உழாமல் நின்றது. "ஏய் மணிமாறா, அந்த மெஷினை அணைச்சிட்டு ஜல்தியா கையால ஓட்டு," என்று டிரைவரைப் பார்த்து அவர் போட்ட சத்தம் கோலியனூர் வரை கேட்டிருக்கும்.

காந்திமதி அங்கேயே நின்றார். "மேல இருக்கறது ரெண்டு பக்கமும்தாங்க தப்பு பண்ணுது. நீங்க ஒரு பக்கத்தைத்தான திருத்துறீங்க."

குமரேசனுக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. தைத்ததைச் சும்மா விடுபவரல்ல அவர். மறுநாளே குழுவைக் கூட்டி, அறிவியல் நோக்கில் ஒரு தீர்மானம் நிறைவேற்றினார்: உழவு நேரத்தில் காந்திமதி வரப்பில் வந்து நிற்கக் கூடாது, சிக்னல் கெடுகிறது.

அநாவசியமான தீர்மானம். அவர் நிற்பதற்கு அங்கே வரப்பே மிச்சமில்லை.