பிடிச்சதைக் கொண்டு வரச் சொன்ன டீச்சர்

டீச்சர் டிரெய்னிங் முடித்த கையோடு வேலைக்கு வருகிறவர்களிடம் கொஞ்ச நாளைக்கு யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. படித்ததெல்லாம் சுடச்சுட இருக்கும்; எதிரே இருப்பவர் தலையில் கொட்டாமல் விடமாட்டார்கள். ஐம்பதுகளின் கடைசியில், பொன்னமராவதிக்குப் பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளியில் நான் சேர்ந்தபோது அப்படித்தான் இருந்தேன். குழந்தை மனவியலில் வகுப்பிலேயே முதல் மார்க். (மார்க் போட்டவர் குழந்தைகளை நேரில் பார்த்திருப்பாரா என்பது வேறு விஷயம்.)

பள்ளிக்கூடம் ஒரே நீளக் கூடம்; ஆசிரியர்கள் இரண்டே பேர். நானும், ஊரே 'பெரிய சார்' என்று அழைத்த தலைமை ஆசிரியரும். அவருடைய மேஜையில் ஒரு பிரம்பு எப்போதும் படுத்திருக்கும்.

"பயந்த மனசுல படிப்பு ஏறாது சார்" என்றேன், சேர்ந்த அன்றைக்கே.

"சரிங்க டீச்சர். மொதல்ல நீங்க பயப்படாம இருங்க, போதும்" என்றார்.

என் ஒன்றாம் வகுப்பில் அடைக்கம்மை என்று ஒரு பெண் இருந்தாள். அடைக்கி என்று கூப்பிடுவார்கள். அழமாட்டாள், சிரிக்கமாட்டாள், வாயே திறக்கமாட்டாள். வாசலோரம் உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் அவளுடைய அப்பா வந்தார்.

"பேசாத புள்ளைக்குப் படிப்பு எதுக்குங்க டீச்சர்? இந்த வாரம் பாக்குறேன். இல்லேன்னா ஆடு மேய்க்க அனுப்பிருவேன்" என்றார்.

அன்று ராத்திரி என் டிரெய்னிங் பாடப் புத்தகத்தைப் புரட்டினேன். குழந்தைக்குப் பிரியமான பொருள் பக்கத்தில் இருந்தால் பள்ளிக்கூடமும் வீடு மாதிரி ஆகிவிடும் என்று போட்டிருந்தது. அடைக்கி ஒரு மரப்பாச்சியைக் கொண்டு வருவாள், அதோடு பேசுவாள், அப்படியே என்னோடும் பேசுவாள் என்று கணக்குப் போட்டேன். மறுநாள் வகுப்பில் அறிவித்தேன்: "நாளைக்கு எல்லாரும் ஒங்களுக்கு ரொம்பப் பிடிச்சது ஒண்ணைக் கொண்டு வரணும்."

மனவியலில் முதல் மார்க் வாங்கியவளுக்கு, 'பொருள்' என்ற ஒரு சொல்லைச் சேர்க்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் முதலில் வந்தது ஒரு வெள்ளாட்டுக்குட்டி. பின்னாலேயே ஒரு பூனை. அப்புறம் ஒருவன் தன் அப்பாவின் சண்டைச் சேவலை இடுக்கிக்கொண்டு வந்தான். (அவருக்கு விஷயம் தெரியாது.) ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தைத் தம்பி. ஒருவன் கருவாட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டு வந்திருந்தான். காதர் என்ற பையன் அவன் 'அத்தா' என்று கூப்பிடும் அப்பாவின் அத்தர் பாட்டிலை மூடியைத் திறந்து மோந்துகொண்டே வந்தான். கடைசியாக வந்த சின்னான் கையில் ஒரு தகர டப்பா. திறந்தால் நண்டு!

"என்னடா இது?"

"நீங்கதான டீச்சர் புடிச்சதக் கொண்டாரச் சொன்னீங்க? நேத்து கம்மாயில புடிச்சது."

தமிழ்ப் பாடம் நடத்துகிறவள் நான்; இலக்கணப்படி அவன் சொன்னது சரிதான் என்று டப்பாவை மூடி அவனிடமே கொடுத்தேன்.

அப்போதுதான் வாசலில் அடைக்கி வந்து நின்றாள். மரப்பாச்சியைக் காணோம். அவள் இறுகப் பிடித்திருந்தது அவளைப் பெற்ற ஆத்தாவின் கையை. கடலைக்காட்டில் களையெடுக்கப் போன கோலத்திலேயே, கையில் மண்ணோடு அந்த அம்மாள் நின்றார்.

"வந்தாத்தான் ஆச்சுன்னு இழுத்துட்டு வந்துருச்சுங்க. நான் எங்கிட்டு ஒக்காரட்டும்?"

நான் பதில் சொல்வதற்குள் அடைக்கியே தன் பக்கத்தில் பாயைத் தட்டிக் காட்டினாள்.

எல்லாம் ஒருவழியாக அடங்கிய நேரத்தில் வெளியே சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டது. பள்ளிக்கூடங்களைச் சோதிக்க வரும் டெபுடி இன்ஸ்பெக்டர்! முன்னறிவிப்பில்லாத விசிட். வேலையில் நிரந்தரமாவதற்கு அவர் எழுதும் இரண்டு வரிதான் எனக்கு வேண்டும்.

அவர் உள்ளே வந்ததும் பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். எழுந்த வேகத்தில் கருவாட்டுப் பொட்டலம் கீழே விழுந்தது. பூனை அதன் மேல் பாய்ந்தது. பூனையைப் பார்த்த சண்டைச் சேவல், பேருக்கேற்ற வீரத்தோடு, பறந்து போய்க் காதர் தலையில் உட்கார்ந்தது. காதர் அலறிக் கையை உதற, அத்தர் முழுவதும் இன்ஸ்பெக்டரின் கோட்டில். டப்பா கவிழ்ந்து நண்டு பெரிய சாரின் நாற்காலியை நோக்கி நடந்தது. அவர் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டு பிரம்பால் அதைத் தள்ளினார். அந்தப் பிரம்புக்கு அன்றைக்குத்தான் நியாயமான வேலை கிடைத்தது.

இன்ஸ்பெக்டர் பேச வாயைத் திறந்தார். (வந்தது தும்மல்.) கடைசியில் எழுந்து நின்ற வரிசையில் அவர் பார்வை அடைக்கியின் ஆத்தா மேல் நின்றது.

"நீங்க?"

"ஒண்ணாங் கிளாசுங்க" என்றார் அந்த அம்மாள், கைகட்டி.

"வயசு கொஞ்சம் கூட இருக்கும்போலத் தெரியுதே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. வேலை போயிற்று என்றே முடிவுகட்டினேன். அப்போது, இதுவரை நான் கேட்டேயிராத ஒரு குரல் கேட்டது.

"எனக்கு எங்க ஆத்தாவத்தான் புடிக்கும். டீச்சர்தான் கொண்டாரச் சொன்னாங்க."

அடைக்கி! வகுப்பே திரும்பிப் பார்த்தது. இன்ஸ்பெக்டர் குனிந்து அவளிடம், "ஓகோ. நாளைக்கும் கொண்டு வருவியா?" என்றார்.

அடைக்கி யோசித்தாள். அதற்குள் பாயில் உட்கார்ந்துவிட்ட ஆத்தா, காட்டு வேலை அலுப்பில், சுவரில் சாய்ந்து கண்ணயர்ந்திருந்தார். அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு அடைக்கி சொன்னாள்:

"வேணாம். இங்க வந்தா தூங்குது. வீட்டுலயே இருக்கட்டும்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். சிரிப்பும் தும்மலுமாக வெகுநேரம் ஆயிற்று.

மறுநாள் அடைக்கி தனியாக வந்தாள். ஆத்தா உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, "இது எங்க ஆத்தா எடம்" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சண்டை பிடித்தாள். ரோட்டைப் பார்க்க அவளுக்கு அப்புறம் நேரமே இல்லை. வாரக் கடைசியில் வந்த அவள் அப்பா, "வாய் ரொம்பப் பேசுதுங்க, கொஞ்சம் கண்டிச்சு வைங்க" என்று சொல்லிப் போனார்.

இன்ஸ்பெக்டர் எழுதிய விசிட் குறிப்பு இது: 'ஆசிரியை பிள்ளைகளை மகிழ்ச்சியாக வைத்திருக்கிறார். கால்நடைகளையும்.'

வேலை தப்பியது, மானம் தப்பவில்லை. அதற்குப் பிறகு நான் பிள்ளைகளிடம் எதைக் கொண்டு வரச் சொன்னாலும் பெரிய சார் கூடத்தின் மறுகோடியிலிருந்தே கேட்பார்: "உயிருள்ளதா, உயிரற்றதா டீச்சர்?" என் கல்யாணத்துக்கு வந்தவர் சும்மா வாழ்த்திவிட்டுப் போயிருக்கலாம். மாப்பிள்ளையை உட்கார வைத்து முழுக் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்தக் கேள்வி எங்கள் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது.

வருஷங்கள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பையன் வாசலில் நின்று தயங்கித் தயங்கி, "அம்மா... எனக்கு ரொம்பப் பிடிச்சதைக் கூட்டி... கொண்டு வந்திருக்கேன்" என்று உளறினான். உள்ளே பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவன் அப்பா தலையைத் தூக்காமலே கேட்டார்:

"உயிருள்ளதா, உயிரற்றதா?"

பையனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "இதுவரைக்கும் உயிரோடதாங்க இருக்கேன், மாமா."

நான் உடனே காபி போடப் போய்விட்டேன். அதற்கு மேல் என்ன பெண் பார்க்க வேண்டியிருக்கிறது?