சுருளி கிணற்றில் அகப்பட்ட தலைநகரம்

இதில் ஒவ்வொரு சொல்லும் நெசம். பொய்யென்றால் வைகையில் வெள்ளம் வந்து என்னை அடித்துக்கொண்டு போகட்டும். சிரிக்காதீர்கள், என்றைக்காவது வரத்தானே செய்யும்.

எழுமலைக்குத் தெற்கே சுருளிக்கு ஒன்றரை ஏக்கர் மிளகாயும் தூர்ந்துபோன ஒரு கிணறும் இருந்தன. காய் பிடிக்கிற நேரத்தில் செடி வாடவும், கிணற்றைத் தூர்வார இறங்கினான். கூடை கூடையாகப் பானை ஓட்டுச்சில்லு வந்தது. கூட வேலை பார்த்த மொக்கையன் அதைப் படம் பிடித்துப் போனில் போட்டுவிட்டான்.

மூன்றாம் நாளே அரசாங்கம் வந்து வேலி போட்டு, கிணற்றுக்குச் சீல் வைத்தது. பாண்டியரின் பழைய தலைநகரம், கடல்கொண்ட தென்மதுரை அகப்பட்டுவிட்டதாம்! டீக்கடை ‘தலைநகர் டீ ஸ்டால்’ ஆனது. வேலியோரம் செல்பி எடுக்காத கல்யாண ஜோடி இல்லை.

“நகரம் இந்தக் கிணத்துக்கு அடியிலதான்” என்றார் ஓய்வுபெற்ற வாத்தியார் ஆசீர்வாதம்.

“வண்டியூர்த் தெப்பக்குளத்துக்கு அடியில. இந்தச் சில்லு அங்கருந்து வெள்ளத்துல வந்தது” என்றார் பேராசிரியர் ஆலன்.

“வண்டியூர் பள்ளத்துல கெடக்கு. வெள்ளம் மேட்டுக்கா சார் ஏறி வரும்?” என்றான் சுருளி.

“அது அந்தக் காலத்து வெள்ளம்பா. இப்ப மாதிரியா?”

சுருளி பஸ் ஏறி, சிம்மக்கல்லில் இதற்கென்றே திறந்திருந்த ‘தொல்நகர் இருப்பிட நிர்ணயச் சிறப்பு அலுவலக’த்துக்குப் போனான். அங்கே அதிகாரி அழகுராஜா.

“ஐயா, அம்புட்டும் முளைப்பாரிச் சட்டிங்கய்யா. கண்மாய்ல தண்ணியில்லன்னு ஊர்ப் பொம்பளைக வருசா வருசம் திருவிழா முடிஞ்சதும் என் கிணத்துலதான் போடுவாக. ஒரு சில்லுல என் பொண்டாட்டி தங்கப்பொண்ணு வச்ச சுண்ணாம்புப் பொட்டு அழியாம இருக்கு.”

அழகுராஜா ‘அரச முத்திரை’ என்று எழுதிக்கொண்டார்.

“போன வருசத்துச் சட்டிங்கய்யா!”

“பில் இருக்கா?”

“சட்டிக்கு எவன்யா பில்லு குடுப்பான்?”

“பில் இல்லாத சட்டி ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்தினதாகக் கருதப்படும். விதி அப்படி. நகரம் வேற எங்கயாவது கெடைக்கட்டும், அன்னைக்கே உனக்குத் தடையின்மைச் சான்று. டைப் அடிச்சே வச்சிருக்கேன், பாரு” என்று பீரோவைத் திறந்து காட்டினார்.

செடிக்கு இன்னும் பத்து நாள்தான் உயிர். அந்த ஆபீஸ் வாசலிலோ பெயர்ப்பலகை நட ஒரு குழி வெட்டிக் கிடந்தது. மறுநாள் அலுவலகம் மொத்தமும் சாப்பாடு முடிந்து கண்ணயர்ந்த வேளையில், சுருளி ஒரு சாக்குச் சில்லைக் குழியில் கொட்டி மண்ணைத் தள்ளிவிட்டு வந்தான்.

சாயங்காலம் பலகை நட வந்தவர்கள் குழி மண்ணை அள்ளவும் சில்லு வெளிப்பட்டது. ஆசீர்வாதமும் ஆலனும் முதல்முறையாகக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். “சிம்மக்கல்தான்னு நான் ஆரம்பத்துலருந்தே சொல்றேன்!” என்றார்கள் இருவரும் ஒரே குரலில். வேலி வந்தது, சீல் வந்தது.

சுருளி குதித்தோடி வந்தான். அழகுராஜா நாற்காலியோடு நடுத்தெருவில் உட்கார்ந்திருந்தார்.

“நகரம் கெடைச்சிருச்சுல்லய்யா, என் சான்று?”

“உள்ள பீரோல இருக்கு.”

“எடுத்துக் குடுங்கய்யா.”

“சீலைத் தொறக்கத் தடையின்மைச் சான்று வேணும்பா.”

“அதை யாரு குடுக்கணும்?”

“நான்தான். ஆனா ரப்பர் ஸ்டாம்பு உள்ள மாட்டிக்கிருச்சு.”

மிளகாய் செடியிலேயே வற்றலாகிவிட்டது.

நான் சொன்னதாக மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அன்றைக்குச் சாக்கின் மறுமுனையைப் பிடித்தவன் யாரென்று இன்னும் விசாரணை நடக்கிறது. மீறிச் சொல்வீர்களானால், உங்கள் வீட்டு அடுப்படியிலும் பில் இல்லாத சட்டி ரெண்டு இருக்கும். நினைப்பிருக்கட்டும்.