மாமா பேச்சைக் கேக்க வந்த மூட்டைங்க

அன்னைக்கு எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. எஸ்டேட் ஹால்ல ரெண்டு ஸ்பீக்கர வச்சு, சவுண்டு சரியா வருதான்னு பாக்கணும். அவ்வளவுதான்.

ஞாயித்துக்கிழமை அந்த ஹால்ல கல்யாணம். மாப்பிள்ளை நான்தான்.

இது எண்பதுகள்ல நடந்தது. ரந்தாவ் பக்கத்துல ஒரு ரப்பர் எஸ்டேட்டுல பொறந்தவன் நான். சிரம்பான்ல ஒரு எலெக்ட்ரோனிக் பேக்டரில டெக்னிஷியன் வேலை. பொண்ணுக்கு ஊரு தெமியாங். பொண்ணோட அப்பா ஆபீஸ்ல கணக்கெழுதி ஓய்வெடுத்த கிராணி. கல்யாணப் பேச்சுக்கு வந்தப்ப சீர் பத்தியோ சாப்பாடு பத்தியோ அவர் ஒரு வார்த்தை கேக்கல. ஹால்ல மைக் நல்லா இருக்குமான்னுதான் மூணு தடவ கேட்டாரு.

மூத்த பொண்ணு கல்யாணத்துல அவர் பேச எந்திரிச்சதும் மைக் குய்யுன்னு கத்திருச்சாம். அவர் பேசினது ஒருத்தருக்கும் விளங்கலையாம். அதனால இந்தத் தடவ ஆறு பக்கத்துக்கு எழுதி வச்சிருக்காராம்.

நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். "கவலப்படாதீங்க மாமா, கடைசி வரிசைல உள்ளவங்களுக்கும் நீங்க மூச்சு விடறது கேக்கும்"னு சொல்லிட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். பேக்டரில மெஷின் இரைச்சல அளக்கறதுக்கு முள்ளு வச்ச மீட்டர் ஒண்ணு இருக்கும். அத மேனேஜர்கிட்ட கெஞ்சி வாங்கிட்டு வந்தேன். கூடவே ஒரு டெஸ்ட் கேசட். பாட்டுலாம் இருக்காது. மழை பேயற மாதிரி ஷ்ஷ்ன்னு ஒரே இரைச்சல். அதப் போட்டுட்டு, ஹால்ல அங்கங்க நின்னு மீட்டர்ல அளக்கணும்.

போட்டேன். பக்கத்து லயத்து வீட்டுல இருந்த எங்கக்கா சரோஜா, மழைன்னு நெனச்சு கொடில காஞ்ச துணியெல்லாம் அள்ளிட்டு ஓடிருக்கு. அப்பறமா நிமிந்து பாத்தா பளீர்னு வெயிலு. நேரா ஹாலுக்கு வந்து, ரெண்டு நாள்ல தாலி கட்டப் போறவன் செய்யற வேலையாடா இதுன்னு ஒரு பாட்டம் திட்டிட்டுப் போச்சு.

ஆனா எனக்கு வேற கவலை. அந்த ஹாலு தகரக் கூரை, சிமிண்டுத் தரை. ஒரு வார்த்தை பேசுனா அது செவுத்துல போய் முட்டி, திரும்பி வந்து நம்மளயே விசாரிக்கும். ஈக்குவலைசர்ல எந்தக் குமிழத் தள்ளினாலும் அடங்கல.

அப்பதான் ஒண்ணு ஞாபகம் வந்துச்சு. ஹால்ல ஆளு நெறஞ்சா சவுண்டு மாறும். மனுசங்க உடம்பும் துணிமணியும் எதிரொலிய உறிஞ்சிரும். அப்ப ஆளுங்கள உக்கார வச்சுத்தானே அளக்கணும்? ஆனா வெள்ளிக்கிழமை காலைல ஆளுக்கு எங்க போறது? எல்லாரும் பால் வெட்டப் போயிட்டாங்க.

எஸ்டேட்டுல ஆளுங்கள வேலை வாங்கற பெருமாள் மண்டோர்கிட்ட போனேன். ஸ்டோர்ல இருந்து கொஞ்சம் கோணிச் சாக்கு கெடைக்குமான்னு கேட்டேன். நாற்காலிக்கு ஒண்ணு, ஒரு ஆள் கணக்குக்கு. அவரு நல்லா யோசிச்சாரு. வெறும் சாக்கு எப்படி தம்பி ஆளாகும், உள்ள ஏதாச்சும் இருக்கணும்லான்னாரு. எனக்கும் அது ரொம்ப நியாயமாப் பட்டுச்சு.

அரை மணி நேரத்துல லோரி வந்து நின்னுச்சு. அறுபது மூட்டை. உள்ள கட்டிப்பால். ரப்பர் மரத்துல பால் புடிக்கக் கட்டற மங்குலயே தானா ஒறஞ்சு போற பாலு. அது எப்படி நாறும்னு தெரிஞ்சவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியல. எஸ்டேட்டுல பொறந்த மூக்கு.

லோரில வந்த நாலு பேரு சேந்து மூட்டைய நாற்காலில உக்கார வச்சாங்க. இடது பக்கம் பொண்ணு வீடு, வலது பக்கம் மாப்பிள்ளை வீடு. குண்டா இருந்த மூட்டைங்கள நான்தான் மரியாதையா முன் வரிசைல போடச் சொன்னேன். எறக்கிப் போட்டுட்டு லோரி வேற வேலையா கோலா சாவா ஊர் பக்கம் போயிருச்சு.

இப்ப கேசட்டப் போட்டேன். என்ன சவுண்டு தெரியுமா! எதிரொலி அப்படியே அமுங்கிப் போச்சு. முள்ளு எங்க நின்னு அளந்தாலும் ஒரே எடத்துல நிக்குது. ஆட ஆரம்பிச்சிட்டேன், நெஜமாவே. கடைசியா மைக்கப் புடிச்சு, மாமா கொரல்லயே, "மணமகளின் தந்தையாகிய நான்..."னு மூட்டைங்களப் பாத்துப் பேசினேன்.

வாசல்ல யாரோ நிக்கற மாதிரி இருந்துச்சு.

மாமா. கைல கொடை. ஹால ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு தெமியாங்ல இருந்து பஸ் ஏறி வந்திருக்காரு. அவர் என்னயப் பாக்கல. வரிசையா உக்காந்திருக்கற மூட்டைங்களத்தான் பாத்தாரு. நேரம் பன்னெண்டு ஆயிருச்சு, தகரம் நல்லா காஞ்சு போச்சு. மூட்டைங்க வேர்க்க ஆரம்பிச்சு, நாற்காலில இருந்து பழுப்புத் தண்ணி சொட்டுது.

"இவங்கெல்லாம் யாரு மாப்ள?"

மைக்கக் கீழ வச்சுட்டுக் கையக் காட்டினேன். "இந்தப் பக்கம் எங்க சைடு மாமா. அந்தப் பக்கம் உங்க சைடு."

அவர் கைக்குட்டைய எடுத்து மூக்குல வச்சாரு. "எங்க சைடு கொஞ்சம் நாறுது"ன்னாரு.

லோரி மறுநாள் மத்தியானம்தான் வந்துச்சு. அதுவரைக்கும் அறுபது பேரும் ஹால்லயே தங்கிட்டாங்க. அப்பறம் அக்காவும் நானும் சோப்புத்தூள் போட்டுக் கழுவினோம், பினாயில் ஊத்தினோம், சாம்பிராணி போட்டோம். கட்டிப்பாலு அசரல. மூணும் சேந்து புதுசா ஒரு நாத்தம் கெளம்புனதுதான் மிச்சம்.

ஞாயித்துக்கிழமை தாலி கட்டற வரைக்கும் சனங்க பொறுத்துக்கிட்டாங்க. பத்து மணிக்கு மேல தகரம் சூடேறுச்சு. ஒவ்வொருத்தரா நாற்காலியத் தூக்கிட்டு வெளிய மர நெழலுக்குப் போயிட்டாங்க. ஐயர் கூட தட்ட எடுத்துக்கிட்டு கெளம்பிட்டாரு. உள்ள நாங்க ரெண்டு பேரு, பக்கத்துல அக்கா, மைக் முன்னால மாமா.

நான் ஸ்பீக்கர சரி பண்ணி வச்சதெல்லாம் நெறஞ்ச ஹாலுக்கு. இப்ப ஹாலு காலி. மாமா "அன்புள்ள"ன்னாரு. செவுரும் "அன்புள்ள"ன்னுச்சு. ஆறு பக்கமும் ரெண்டு ரெண்டு தடவ ஓடுச்சு. பக்கத்துல பொண்ணு தல குனிஞ்சு இருந்தா. வெக்கம்னு நெனச்சேன். தோளு குலுங்கினப்பதான் சிரிக்கறான்னு தெரிஞ்சுது.

முடிஞ்சதும் மாமா காகிதத்த மடிச்சு ஜோப்புல வச்சாரு. எங்கிட்ட வந்து தோளத் தட்டினாரு.

"நல்லா கேட்டுச்சு மாப்ள. அடுத்த தடவ ஆளுங்களயே கூப்புடுங்க."

அடுத்த தடவன்னு அவர் எந்தக் கல்யாணத்தச் சொன்னாருன்னு நான் இன்னும் கேக்கல.