செம்புக்குள் ஒரு மீட்டர்

சென்னையில் அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர்கள் ஏராளம். அடுத்தவர் காபியில் மீட்டரை நுழைத்த ஒரே மனிதர் எங்கள் டி.டி.எஸ். மாமாதான். இதில் எனக்குத் துளியும் சந்தேகம் கிடையாது. ஏனென்றால் அது எங்கள் வீட்டுக் காபி.

அபிராமபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் முதல் மாடியில் குடியிருந்தார். தண்ணீரில் எவ்வளவு உப்பு கரைந்திருக்கிறது என்று எண்ணில் காட்டுகிற, பேனா மாதிரியான டி.டி.எஸ். மீட்டர் ஒன்று எந்நேரமும் அவர் சட்டைப் பையில் இருக்கும். பெயர் வந்த கதை அதுதான். சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பிற்பாடு அவர் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துவிட்டு, "இது யாரு வீட்டுக் கல்யாணம்ங்க?" என்று என் மனைவி கேட்டாள்.

தினமும் காலையில் பேப்பர் படிக்க எங்கள் வீட்டுக்கு வருவார். என் மனைவி கொடுக்கும் காபியில் மீட்டரை முக்குவார். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

"காபியில டிகாக்‌ஷன் இருக்கே மாமா, எண் ஏறத்தானே செய்யும்?" என்றால், "அதைக் கழிச்சுட்டுத்தான் சார் சொல்றேன். மோசம்!" என்பார். பிறகு சொட்டு விடாமல் குடிப்பார்.

எங்கள் போர்வெல் தண்ணீரும் லேசுப்பட்டதல்ல. சோப்பு தேயும், நுரைக்காது. குளித்துவிட்டு வந்தால் தலைமுடி தேங்காய் நார் மாதிரி விறைத்து நிற்கும். வாளியின் உட்புறம் யாரோ வெள்ளையடித்துவிட்டுப் போனது போலிருக்கும். நாங்கள் இதெல்லாம் தலையெழுத்து என்று விட்டுவிட்டோம். மாமா விடவில்லை. ஒருமுறை வீடு வீடாக ஏறி, எல்லா ஷவரிலும் வினிகர் நிரப்பிய பிளாஸ்டிக் பையைக் கட்டிவிட்டார். உப்புப் படிவம் கரைய வேண்டுமாம். கரைந்ததோ இல்லையோ, கட்டடமே புளித்த வாடை அடித்தது. பார்சல் கொடுக்க வந்த கூரியர்காரர், "இன்னா சார், ஊறுகா கம்பெனி நடத்திக்கினு கீறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மனிதருக்கு வருகிற கஷ்டம் அத்தனைக்கும் அவரிடம் ஒரே காரணம்தான். மூன்றாம் மாடித் தம்பதி விவாகரத்து வரைக்கும் போனார்கள். மாமா அசரவில்லை.

"பருப்பு வேகலை சார், அதான். உப்புத் தண்ணியில பருப்பு வேகாது. பருப்பு வேகலைன்னா சாம்பார் லேட்டு. சாம்பார் லேட்டுன்னா ஆபீஸ் லேட்டு. சண்டை வராம என்ன பண்ணும்? தண்ணிய மாத்தச் சொல்லுங்கோ, ஜம்முனு சேர்ந்து வாழ்வா."

இவ்வளவு பேசுகிறவர் உலகத்தில் ஒரே ஒரு ஜீவனிடம் வாலைச் சுருட்டிக்கொள்வார். அது அவருடைய ஒரே பெண் வசுதா. அவளுக்கு இடுப்புக்குக் கீழே புரளுகிற தலைமுடி. அந்தத் தண்ணீரில் எங்கள் எல்லோர் தலையும் காலியாகிக்கொண்டிருக்க, அவள் தலை மட்டும் எப்படித் தப்பியது? வெள்ளிக்கிழமை தவறாமல் லாரித் தண்ணீரைக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து, மீட்டர் போட்டுப் பார்த்து, மாமாவே வாளியைத் தூக்கிக்கொண்டு போய் வைப்பார். குழந்தையிலிருந்து நடக்கிற வைபவம் அது.

அந்த வசுதா ஒருநாள், கூட வேலை பார்க்கிற பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். திருநெல்வேலிக் குடும்பம், தி.நகரில் ஜவுளிக்கடை, வேளச்சேரியில் வீடு. வேறு ஜாதி. ஜாதகமும் பார்க்கவில்லை. மாமி அழுவதற்குத் தயாராக முந்தானையை எடுத்துவிட்டாள். மாமா வெகுநேரம் யோசித்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்.

"அவா ஆத்துல என்ன தண்ணி?"

துணைக்கு என்னையும் வேளச்சேரிக்கு இழுத்துக்கொண்டு போனார். "வாங்க அண்ணாச்சி" என்று பையனின் அம்மா வாய் நிறைய வரவேற்றார். கை அலம்பிவிட்டு வருகிறேன் என்று உள்ளே போன மாமா திரும்பவே இல்லை. போய்ப் பார்த்தால் குளியலறைக் குழாயை நகத்தால் சுரண்டிக்கொண்டிருக்கிறார். மீட்டரில் நாலு இலக்க எண். மானம் போகிறதே என்று கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கூடத்துக்கு வந்தவர் நேராகப் பையனின் அப்பாவைப் பார்த்தார். அவருக்கு நல்ல வழுக்கை.

"சார், சாட்சி இங்கேயே உக்காந்துண்டு இருக்கு!"

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. பையனின் அம்மாவோ கோபப்படவில்லை. "என்ன அண்ணாச்சி இப்படிச் சொல்லுதீங்க? இந்தத் தண்ணியிலதான நாங்க இத்தன வருசம் சோறு பொங்கித் திங்கோம்?" என்றார்.

"திங்கலாம். என் பொண்ணு தலை குளிக்க முடியாது" என்று மாமா எழுந்துவிட்டார்.

வசுதா அப்பாவோடு பேச்சை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை வாளி குளியலறை வாசலிலேயே தொடுவாரில்லாமல் கிடந்தது. அதற்கப்புறம்தான் மாமா இறங்கி வந்தார், ஒரு நிபந்தனையோடு. நிச்சயதார்த்தத்தன்று முறுக்கு, லட்டு, பழத்தட்டு வரிசைக்குப் பின்னால், தண்ணீரின் உப்பை வாங்குகிற ஆளுயர சாஃப்ட்னர் ஒன்று, மஞ்சள் குங்குமம் பூசி, மாலை போட்டுக்கொண்டு நாதஸ்வரத்தோடு வேளச்சேரிக்குள் நுழைந்தது. தெருவே வேடிக்கை பார்த்தது. யாரோ ஒரு பாட்டியம்மா ஏதோ சாமி என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இதோடு ஒழிந்தது என்று நினைத்தோம். கல்யாணம் மயிலாப்பூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. கன்னிகாதானம். மாமாவின் மடியில் வசுதா உட்கார்ந்திருக்கிறாள். தாரை வார்க்க மாமி செம்பைச் சாய்க்கப் போனாள். சட்டை இல்லாத மாமா இடுப்பிலிருந்து எதையோ உருவினார். மூக்குப்பொடி டப்பா என்றுதான் நினைத்தேன். மீட்டர்! செம்புக்குள் முக்கிவிட்டார்.

"மண்டபத்து போர் தண்ணி. இதை என் பொண்ணு கையில விடறதா? நடக்காது!"

"அண்ணா, முகூர்த்தம் தப்பிடும்!" என்று சாஸ்திரிகள் அலறினார்.

நான் சமையல்கட்டுக்கு ஓடிக் கேன் தண்ணீர் கொண்டுவந்தேன். அதிலும் முக்கினார். "சுத்தமா சத்தே இல்லை சார். செத்த தண்ணி. இதுவும் வேண்டாம்."

அதிகம் என்றாலும் வேண்டாம், குறைவு என்றாலும் வேண்டாம். மண்டபமே எழுந்து நின்றுவிட்டது. வசுதா மடியிலிருந்தபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"தண்ணியெல்லாம் சரியாத்தான் இருக்குப்பா. உனக்குத்தான் என்னை விட மனசு வரலை."

அப்போது பையனின் அம்மா ஒரு பாட்டிலோடு கிட்டே வந்தார்.

"அண்ணாச்சி, இது எங்க மொட்டமாடியில புடிச்ச மழத்தண்ணி. ஒங்க மிஷின் பாட்டுக்கு இருக்கட்டும், புள்ள தல குளிக்கன்னு ஒரு டிரம் தனியா புடிச்சு வச்சிருக்கேன். சொன்னா நம்ப மாட்டீயன்னு கையோட கொண்டாந்தேன்."

செம்பில் அந்தத் தண்ணீரை ஊற்றினார்கள். மாமா மீட்டரை முக்கினார். வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"என்ன காட்டறது அண்ணா?" என்றார் சாஸ்திரிகள், பொறுக்க மாட்டாமல்.

"தெரியலை. கண்ணை மறைக்கறது" என்றார் மாமா. பிறகு மாமியிடம், "விடுடி" என்றார்.

மறுநாள் காலையில் வழக்கம்போலப் பேப்பர் படிக்க வந்தார். சட்டைப் பை காலியாக இருந்தது.

"மீட்டர் எங்க மாமா?"

"வசுதா பெட்டியில போட்டுட்டேன். அங்க அவளுக்கு வேணும்."

காபியை அப்படியே எடுத்துக் குடித்தார். "நன்னாருக்கு" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொன்னதே கிடையாது. என் மனைவிக்கு அடுப்படியில் கண் கலங்கிவிட்டது. "என்னங்க, அவரைப் பார்க்கவே சகிக்கலை. போய் ஒண்ணு வாங்கிட்டு வாங்க" என்றாள்.

அன்று சாயங்காலமே புது மீட்டர் ஒன்றை வாங்கி, பையில் போட்டு அவர் வீட்டுக் கதவின் கைப்பிடியில் மாட்டிவிட்டு வந்தேன். அடுத்த நாள் காலை மாமா எங்கள் காபியில் அதை முக்கினார். உதட்டைப் பிதுக்கினார்.

"மோசம்!"

"இன்னொரு டம்ளர் தரட்டுமா மாமா?" என்றாள் என் மனைவி, முகமெல்லாம் சிரிப்பாக.